வேறு வழியாகப் போன விருந்து

என் அண்ணனைக் காப்பாற்ற என் மலம் தேவைப்பட்டது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. அண்ணி நாசூக்காகச் சொல்லப் போய்த்தான், அவள் என்ன கேட்கிறாள் என்பதே எனக்கு வெகுநேரம் விளங்கவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாலும் பக்கத்து இருக்கையில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதிக்க நான் தயங்கியதே இல்லை என்பதால் எனக்குப் 'பிரேக்கம்மா' என்று பெயர். என் எதிரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அன்று காலை வகுப்பு முடிந்து, மைதானத்து ஓரம் காரை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்தாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் போய்விட்டானோ என்று நினைத்தேன்.

போய்விடவில்லை. ஆனால் போகிற வழியில் இருந்தான்.

அண்ணனுக்கு மருந்துக்கடை. தும்மினால் ஒரு மாத்திரை, இருமினால் இன்னொன்று என்று வாழ்கிறவன். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பதெல்லாம் வாடிக்கையாளர்களிடம்தான். தனக்கு என்று வந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக்கை அலமாரியிலிருந்து கடலை மிட்டாய் போல எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். பல்வலிக்கு ஒன்று, தொண்டைக் கரகரப்புக்கு ஒன்று, அது கேட்கவில்லை என்று அதைவிட வீரியமாக ஒன்று. அப்படித் தின்று தின்று வயிற்றிலிருந்த நல்ல கிருமிகளையெல்லாம் ஒழித்துக் கட்டினான். காலியான இடத்தில் பொல்லாத கிருமி ஒன்று வந்து குடியேறிவிட்டது. ஓயாத பேதி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அதற்கும் ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். நின்றது. வீட்டுக்கு வந்தான், திரும்ப ஆரம்பித்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வீடு, மறுபடி அதே கதை.

இதற்கு நடுவில் ஐயா அடித்த கூத்தைக் கேளுங்கள். புரோபயாட்டிக் கேப்ஸ்யூலை டப்பா டப்பாவாக விழுங்கியிருக்கிறான். கடையில் அதைக் கண்ணாடிப் பெட்டியில் தனியாக விளக்குப் போட்டு வைத்திருப்பான்; உள்ளே இருப்பது உயிருள்ள நல்ல கிருமி, குடலுக்கு நல்லது என்று வருகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்வான். அதே கேப்ஸ்யூலையும் ஆன்டிபயாட்டிக்கையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, ஒரே மடக்குத் தண்ணீரில் இறக்கினான். வேலை முடிந்த களைப்பில் கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து விழுங்குகிற பழக்கம் அவனுக்கு. கிருமியையும் கிருமியைக் கொல்கிறதையும் ஜோடி சேர்த்து விழுங்கும் ஆளை மருந்துக்கடைகளில்தான் தேட வேண்டும்.

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். நீ தினமும் வேண்டாம்னு விடறதுதான்," என்றாள்.

பழைய துணியா என்று கேட்டேன். இல்லையாம். மிஞ்சின சாப்பாடா? அதுவும் இல்லையாம், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தானாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. நேராகச் சொல்லுங்கள், இல்லையென்றால் இறங்குங்கள், அடுத்த வகுப்புக்கு ஆள் வருகிற நேரம் என்றேன். அவள் ஹாரனைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை உப்பு நீரில் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் விடுவார்களாம். அதிலிருக்கும் நல்ல கிருமிகள் உள்ளே பெருகி, பொல்லாததை விரட்டிவிடுமாம். அண்ணி கொடுக்க முடியாது, பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து அவளும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறாள். அவர்கள் மகன் சோதனையில் தேறவில்லை. அவளுடைய தம்பிக்கு ஈரல் கோளாறு. ரத்த சொந்தம்தான் வேண்டும் என்றில்லை, நல்ல உடம்புள்ள யாராக இருந்தாலும் சரி. ஆனால் இப்படி ஒன்றைக் கொடு என்று எவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவது?

"நீ குடுக்கறதுன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். பேர் சொல்லாமலே செய்யலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தெரிஞ்சா செத்தாலும் ஒத்துக்க மாட்டார்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஏன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவர். ஊர் முழுக்க வீடுகளிலிருந்து வருகிற அழுக்குத் தண்ணீர் அங்கே பெரிய பெரிய தொட்டிகளில் நுரைத்துக்கொண்டிருக்கும். அதற்குக் காற்று செலுத்தும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. நான் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது அண்ணன் குதி குதியென்று குதித்தான். கட்டிக்கொண்டேன். புது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைத்தோம். அவர் விடிந்ததிலிருந்து நின்று சமைத்தார். அவரோடு வேலை செய்கிறவர்கள், எங்கள் உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவர் அண்ணனுக்கு முதலில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அண்ணன் டம்ளரை வாங்கவில்லை.

"சாக்கடையில விடற கை. எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் அது அந்தக் கைதான். இந்த வீட்டுப் பச்சைத் தண்ணி என் பல்லுல படாது," என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். என் கணவர் அந்த டம்ளரைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அந்த நிற்பை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

ஆகவே அண்ணியிடம், சோதனைக்கு வருகிறேன், தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வீட்டு மனிதர்கள் நம் கையைத் தொட இப்படியெல்லாம் ஒரு காரணம் வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் சமையல் எப்போதும் அவர் பொறுப்பு. மறுநாளைக்கான பயறைக் களைந்துகொண்டிருந்தார். ஜன்னலோரம் ஜாடியில் உப்பு நீரில் ஊறிப் புளிக்கிற காய், பக்கத்தில் உறை ஊற்றி மூடிய தயிர்ப் பாத்திரம், கூடையில் கீரை. பல வருடங்களாக இதுதான் எங்கள் சாப்பாடு. இதில் கொள்கை ஒன்றும் இல்லை, அவருக்கு வேறு சமைக்கத் தெரியாது.

நான் சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இதிலே ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றார். அவர்கள் நிலையத்திலும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறதாம். ஏதோ ஒரு தொழிற்சாலைக்காரன் திருட்டுத்தனமாக ரசாயனத்தைக் குழாயில் திறந்துவிட, தொட்டியில் அழுக்கைத் தின்கிற கிருமிகள் மொத்தமும் செத்துத் தண்ணீர் நாறிப் போயிற்றாம். காற்றை எவ்வளவு ஊதினாலும் பிரயோசனமில்லை. கடைசியில் வேறொரு நிலையத்தின் தொட்டியிலிருந்து ஒரு லாரி சேற்றைக் கொண்டுவந்து ஊற்றிய பிறகுதான் உயிர் வந்ததாம்.

"சொல்லாமலே குடுத்துட்டு வா. உயிர் போற நேரத்துல மானத்தப் பாக்காதே," என்றார்.

அது என்னுடைய மானம் இல்லை, உங்களுடையது என்றேன். என் மானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் அண்ணனைப் பார் என்றார். அதற்கு மேல் பேசினால் சண்டையாகிவிடும் என்று நான் பயறைக் களைய ஆரம்பித்தேன். ஆனால் என் மனம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இந்த வீட்டுத் தண்ணீர் வேண்டாம் என்றவனின் உடம்புக்குள் இந்த வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்ததைத் திருட்டுத்தனமாக ஏற்றிவிட்டு, நாளைக்கு அவன் மறுபடி மீசையை முறுக்கிக்கொண்டு கடையில் உட்காருவதை நான் வேடிக்கை பார்ப்பதா? நடக்காது.

ரத்தம் எடுத்தார்கள், மலம் எடுத்தார்கள், தலை முதல் கால் வரை கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றிலும் தேறினேன். குடல் டாக்டர் கண்டிப்பான பெண்மணி, என் வயசுதான் இருக்கும். என்ன சாப்பிடுவேன் என்று கேட்டுவிட்டு, வீட்டில் சமைப்பது யார் என்றார். சொன்னேன். அவருக்கு என் சார்பில் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள் என்றார். அந்தக் கேப்ஸ்யூல்களை இடைவெளி விட்டுச் சாப்பிட்டிருந்தால் அண்ணனுக்குக் கேட்டிருக்குமா என்று நான் கேட்டேன்.

"சில பேருக்குச் சில சமயம் உதவும். ஆனா அதுல இருக்கறது ஒண்ணு ரெண்டு வகை. அவர் குடல்ல அழிஞ்சது நூத்துக்கணக்கான வகை. ஊரே காலியா கிடக்கும்போது ஒரே ஆளத் திரும்பத் திரும்ப அனுப்பி என்ன செய்யறது?"

நோயாளிக்குத் தெரியாமல்தான் செய்ய வேண்டுமா என்றும் கேட்டேன். பெயரைச் சொல்வதும் சொல்லாததும் என் இஷ்டம், தன் வாயிலிருந்து வராது என்றார். ஆனால் தள்ளிப்போட நேரமில்லை, இந்தத் தடவை மருந்து கைவிட்டால் பெருங்குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், அண்ணன் இருக்கும் நிலையில் உடம்பு அதைத் தாங்காது என்றும் சொன்னார். நான் எழுந்து நேராக அண்ணன் அறைக்கு நடந்தேன். பின்னாலேயே அண்ணி ஓடிவந்தாள்.

அறை வாசலில் நர்ஸ் மறித்தார். மேலே அங்கி, கையில் உறை. வெளியே வரும்போது சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரியில் எங்கும் வைத்திருக்கிற ஜெல்லுக்கெல்லாம் இந்தக் கிருமி சாகாது என்று எச்சரித்தார். உள்ளேயிருந்து வந்த இன்னொரு நர்ஸ் முழங்கை வரை நுரையோடு நின்று கழுவிக்கொண்டிருந்தார். என் அண்ணனைத் தொட்டுவிட்டு வந்த கை. அதைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் உள்ளே போனேன்.

ஆள் பாதியாகியிருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கட்டிலில் போர்வைதான் அதிகமாகத் தெரிந்தது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடியவன். ஆனாலும் வந்த காரியத்தை விடுவதாக இல்லை. அண்ணி வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல், உனக்குக் கொடுக்கப்போவது நான்தான் என்று அவனிடம் சொன்னேன்.

அவன் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியது. "வேற ஆளப் பாக்கச் சொல்லு," என்றான். குரலே இல்லை, ஆனால் வீம்பு மட்டும் அப்படியே இருந்தது.

வேறு ஆள் இல்லை என்றேன். நான் கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவர்ப்பக்கம் நின்றுகொண்டேன்.

"இந்த வீட்டுத் தண்ணி பல்லுல படாதுன்ன. சரி, படாது. பல்லு பக்கமே வராம வேற வழியா வருது. உள்ள போகப்போறது எல்லாமே அவர் சமைச்சுப் போட்டதுல வளர்ந்ததுதான். தெரிஞ்சு வாங்கிக்கறதானா வாங்கிக்க. தெரியாம ஏமாத்தி உன் உயிரக் காப்பாத்த நான் தயாரா இல்ல. உனக்கும் அது கேவலம், எங்களுக்கும் கேவலம்."

கண்ணை மூடிக்கொண்டான். நான் வெளியே வந்து கையைக் கழுவினேன். அண்ணி பக்கத்தில் வந்து, நீ அவரைக் கொன்றுவிட்டாய் என்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை; அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. வீடு வரைக்கும் காரை எப்படி ஓட்டிவந்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. என் வாயால் என் கூடப் பிறந்தவன் சாகப்போகிறான் என்ற பயம். நான் செய்தது தப்பு என்று மட்டும் தோன்றவே இல்லை. அதை என் கணவரிடம் சொன்னபோது, உங்கள் இரண்டு பேரையும் ஒரே தொட்டிலில்தான் போட்டு ஆட்டியிருப்பார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை டாக்டரே கூப்பிட்டார். அண்ணன் சம்மதித்துவிட்டானாம், ஆனால் முதலில் என்னைப் பார்க்க வேண்டுமாம். போனேன். இந்தத் தடவை அவன் வாசலைப் பார்த்துத்தான் படுத்திருந்தான்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

இத்தனை வருடத்தில் என் கணவரை அவன் 'அவர்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தெரியும், உனக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டது அவர்தான், சொல்லாமல் கொடுத்துவிடச் சொன்னதும் அவர்தான் என்றேன். அண்ணன் கூரையைப் பார்த்தான். கண்ணோரத்திலிருந்து காதுக்குத் தண்ணீர் இறங்கியது. உடம்பில் தண்ணீரே இல்லை என்று சலைன் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் நிபந்தனையைச் சொன்னேன். உடம்பு தேறியதும் அவர் வேலை செய்கிற இடத்துக்கு வரவேண்டும். அங்கே அவரோடு வேலை செய்கிறவர்கள் எல்லார் முன்னாலும், அவர் கையால் சாப்பிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வந்து தின்றுவிட்டுப் போகிற கதை வேண்டாம். எல்லார் முன்னால்தானே எழுந்து போனாய், எல்லார் முன்னாலும் வந்து உட்கார். அவன் தலையை ஆட்டினான். ஆட்டாமல் போயிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன். அது அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கொடுக்கிற வேலை ஒன்றும் பெரிசில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஒரு சின்ன அறை, மூடி போட்ட ஒரு டப்பா. நர்ஸ் அதைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். நான் வாழ்க்கையில் செய்த எந்தக் காரியத்துக்கும் யாரும் அவ்வளவு மரியாதை காட்டியதில்லை.

ஒரு வாரத்துக்குள் பேதி நின்றது, காய்ச்சல் விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், ஆளைத் திட்டுகிறான் என்று அண்ணி போனில் சொன்னாள். திட்டுகிறான் என்றால் பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். சமையலறையில் நின்றுகொண்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன். அவர் என்னவென்று கேட்காமல் அடுப்பைத் தணித்தார்.

அதன் பிறகு ஆரம்பித்தது ஐயாவின் நழுவல். வீட்டுக்கு வந்து கடையில் உட்காரவும் தொடங்கிவிட்டான், வாக்கு மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஒரு பெரிய கூடைப் பழம் அனுப்பினான். திருப்பி அனுப்பினேன். எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினான். அதையும் திருப்பினேன். இதற்குள் அவன் ரொட்டியும் பிஸ்கட்டுமாகத் தின்றுகொண்டு, அதற்கு மேல் அந்தக் கண்ணாடிப் பெட்டிக் கேப்ஸ்யூலையும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வயிறு மறுபடி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினார்கள். பழைய கிருமி திரும்பவில்லை, நல்லவேளை. ஆனால் டாக்டர் பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம்.

அவர் சொன்னதை அண்ணி என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். உள்ளே விட்ட கிருமிகளுக்கு நார்ச்சத்துதான் தீனி. பயறு, கீரை, காய், தவிடு போகாத தானியம் என்று அவை எதைத் தின்று வளர்ந்தனவோ அதைக் கொடுத்தால் தங்க வாய்ப்பு அதிகம். எது எவ்வளவு என்று அடித்துச் சொல்லுகிற அளவுக்கு யாருக்கும் இன்னும் முழுசாகத் தெரியாது, ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பிஸ்கட்டையும் கேப்ஸ்யூலையும் நம்பி அவற்றைப் பட்டினி போட வேண்டாம், கொடுத்தவர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்களோ அதைச் சாப்பிடுங்கள் என்றாராம். அண்ணி இழுத்து இழுத்து, தினமும் ஒரு கேரியர் கொடுத்தனுப்ப முடியுமா, கடைப்பையன் பின்பக்கமாக வந்து வாங்கிக்கொள்வான் என்றாள்.

பின்பக்கமாக. எனக்கு வந்த கோபத்தில் போனே சுட்டது. "கேரியர் வராது அண்ணி. கார் வரும். அவன ரெடியா இருக்கச் சொல்லுங்க," என்று வைத்தேன்.

என் கணவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. எனக்கு எதற்கு இந்த மரியாதையெல்லாம், வேலை செய்கிற இடத்தில் வேடிக்கை காட்டாதே என்றார். உங்களுக்காக இல்லை, எனக்காக என்றேன். என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பயறைக் கொஞ்சம் கூடுதலாக ஊறவைத்தார்.

மறுநாள் மதியம், 'பழகுநர்' என்று பலகை போட்ட என் பயிற்சிக் காரை நேராக மருந்துக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஹாரனை அழுத்தினேன். அண்ணன் வெளியே வந்து, உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாமே என்று முனகினான். கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் எங்களையே பார்த்தார்கள். நான் எட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நின்றால் காரணத்தையும் நானே உரக்கச் சொல்லிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். ஏறிக்கொண்டான்.

நிலையம் நெருங்க நெருங்க நாற்றம் வந்தது. ஜன்னலை ஏற்றக் கையைக் கொண்டுபோனவன் என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். உள்ளே தொட்டிகள் பழுப்பு நுரையோடு கொப்பளித்துக்கொண்டிருந்தன. எந்திரங்களின் இரைச்சலில் அவன் மெதுவாக, இவ்வளவு பெரிசா என்றான். ஊருக்கே குடல் இதுதான் என்றேன்.

சாப்பாட்டு அறை ஒரு நீளமான கூடம். வாசலில் வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சோப்பு. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: யாராக இருந்தாலும், மேலதிகாரியே வந்தாலும், முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. நாளெல்லாம் அழுக்கோடு இருப்பவர்கள் சாப்பாட்டு விஷயத்தில் ஆஸ்பத்திரிக்காரர்களைவிடக் கறார். என் கணவர் கழுவி முடித்து, மேஜையில் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் புது வீட்டு விருந்துக்கு வந்திருந்த மூத்த எந்திரக்காரரும் இன்னும் சிலரும் அங்கேதான் இருந்தார்கள். அண்ணனை அடையாளம் கண்டதும் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

அண்ணன் வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தான். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கையக் கழுவிட்டு வாங்க, மச்சான்," என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை, தினமும் எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் அது யாருக்கு எங்கே போய் விழுந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணன் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். காரும் சாவியும் என்னிடம்தான் இருந்தன. நடந்துதான் போக வேண்டியிருக்கும், போகட்டும் என்று நானும் வாசலை மறைக்காமல் விலகி நின்றேன்.

அவன் குழாயடிக்குப் போனான். சட்டைக் கையை மடித்தான். சோப்பை எடுத்து விரலிடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை என்று தேய்த்தான். மருந்துக்கடைக்காரன் இல்லையா, கழுவ நன்றாகவே தெரிந்தது. கழுவிய பிறகும் குழாயை மூடாமல் குனிந்தபடியே நின்றான். தோள் லேசாகக் குலுங்கியது. யாரும் அவசரப்படுத்தவில்லை, நானும்தான்.

பிறகு ஈரக் கையோடு வந்து என் கணவருக்கு எதிரில் உட்கார்ந்தான். அவர் தட்டில் பயறு வைத்தார், கீரை வைத்தார், ஜாடிக் காயை எடுத்து ஓரத்தில் வைத்துத் தயிரை ஊற்றினார். அண்ணன் சாப்பிட்டான். முதலில் மெதுவாக, பிறகு பசியோடு. மூத்த எந்திரக்காரர்தான் முதலில் பேச்சை ஆரம்பித்தார், ஏதோ ஒரு பம்ப்பில் சத்தம் வருகிறதென்று. கூடம் பழையபடி இரைந்தது. அண்ணன் தட்டை வழித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், இன்னும் கொஞ்சம் போடுங்க மாப்பிள்ளை என்றான். போட்டார்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. நானும் மன்னித்துவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் டம்ளரில் தண்ணீரை நிரப்பி அவனிடம் நீட்டினார். அண்ணன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தான். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, டம்ளர் காலியாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.